சகலையின் கார்புரேட்டர்

கார்புரேட்டர் வாங்க வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி எங்க ஓடுது?" என்பதுதான். இருபத்தொன்பது வருடமாக இதே கவுண்டரில் நின்று, இதே கேள்வியைக் கேட்டு, இதே பொய்யைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "எல்லாம் ஹைவேதான் சார், நூத்திருபதுல பறக்கும்" என்பார்கள். வெளியே எட்டிப் பார்த்தால் பின்சீட்டில் பால் பாக்கெட்டும் ஸ்கூல் பையும் கிடக்கும். பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, சிக்னலுக்குச் சிக்னல் நின்று, ஆபீசுக்குப் போய்த் திரும்புகிற பழைய வண்டி. அதற்குப் பந்தய வண்டிக்குப் போடுவதைப் போல வாய் அகலமாக ஒன்று வேண்டுமாம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவதுதான் கார்புரேட்டரின் வேலை. வாய் அகலமாக இருந்தால் அதற்குள் காற்று மெதுவாகப் போகும். மெதுவாகப் போகிற காற்று பெட்ரோலை இழுக்காது. பச்சை விழுந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி ஓர் இருமல் இருமிவிட்டு நடுரோட்டில் நிற்கும், பின்னால் இருக்கிறவன் ஹாரனை அமுக்கியே உயிரை எடுப்பான். இன்ஜின் எவ்வளவு மூச்சு விடுகிறதோ அந்த அளவுக்குத்தான் கார்புரேட்டருக்கு வாய் வேண்டும். இதைச் சொன்னால், "உங்க ஆளுக்கு விக்கத் தெரியலை" என்று முதலாளியிடம் போய்ப் போட்டுக்கொடுப்பார்கள். போட்டும். எனக்கென்ன!

அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்ன ஒரே ஆள் என் சகலை. அன்றைக்குப் பொய் சொன்னவன் நான்தான்.

சகலை என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைச் சகல என்பார். வேலை, பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், அதை வைத்து மெழுகில் ஈறு பிடித்து, பல் அடுக்கி, அரத்தால் ராவி, மெருகு போட்டு அனுப்ப வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் ஒரே ஒரு அறைதான் லேப். ஜன்னல் ஓரம் மேசை, மேசை மேல் சின்ன பர்னர், எல்லாவற்றின் மேலும் மாவு போலப் படிந்த வெள்ளைத் தூசி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸ் வைத்திருப்பார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே நூல் அளவு இடைவெளி இருந்தாலும் அதைக் கண்டுபிடித்துவிடுவார். எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெயரே பல்செட்தான். "இந்த மனுசன் ஊருக்கே பல்லு செய்வாரு, தன் பல்லை மட்டும் யாருக்கும் காட்ட மாட்டாரு" என்று என் மனைவியின் அக்கா, அதாவது அவர் மனைவி, எல்லோர் முன்னாலும் சொல்வார். அதற்கும் இவர் சிரிக்க மாட்டார்.

சிரிக்கத் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் சேர்த்து அக்காவே பேசி, சிரித்து, அக்கம்பக்கத்தில் சண்டை போட்டு, சமாதானமும் ஆகிவிடுவார். இவருக்கு எதுவும் மிச்சம் இருக்காது. எந்தச் சட்டை, எந்த டாக்டர், மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது, எதைக் கேட்டாலும் "உங்க அக்கா என்ன சொல்லுதோ அதான்" என்பார். இவர் கையில் இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். பழைய நாலு கதவு வண்டி, க்ரீம் கலர். இருபத்தாறு வருடமாக வைத்திருந்தார். சனிக்கிழமைதோறும் பின்சீட்டில் மரத்தட்டை வைத்து, அதில் பல்செட் டப்பாக்களை அடுக்கி, கிளினிக் கிளினிக்காகக் கொண்டுபோய்க் கொடுப்பார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வழி நெடுகப் பேசிக்கொண்டே போவார்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் அக்கா சமையலறையில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தபோது கீழே விழுந்தார். சகலை எனக்குப் போன் செய்தார். "சகல, அவ விழுந்துட்டா. எழுந்திரிக்கலை" என்றார். பேட்டரி இறங்கிவிட்டது என்று சொல்வாரே, அதே குரல். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் அக்காவின் தலைக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, குழாயை மூடிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அவர் அழவில்லை. உள்ளதைச் சொன்னால் நானும் அழவில்லை. எல்லோரும் கூடி நின்று அழுதுகொண்டிருந்த நேரத்தில், பெட்ரோல் ஒழுகுகிறது என்று முந்தின நாள் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்த கார்புரேட்டர்தான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது. இருந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் அவர் லேபுக்குப் போய்விட்டார். "எட்டு செட் பாக்கி கெடக்கு" என்றார்.

எல்லோருக்கும் சேர்த்து என் மனைவி அழுதாள். இரண்டு தெரு தள்ளித்தான் அந்த வீடு. தினமும் மதியம் கேரியரில் சாப்பாடு எடுத்துப் போவாள். அக்காவின் டம்ளர்களை எடுத்துக் கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பாள். அக்காவின் மூக்குக்கண்ணாடி ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது, அதை அவளும் தொடவில்லை, அவரும் தொடவில்லை. "சாப்பாடு எப்படி இருந்துச்சு அத்தான்?" என்று கேட்பாள். "இருந்துச்சு" என்பார். நல்லா இருந்துச்சு என்றுகூட இல்லை, வெறும் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து என் மேல் எரிந்து விழுவாள். "கல்லுகிட்ட பேசினாக்கூட எதிரொலி வருங்க!" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். அவர் டீ போடுவார். டிவி ஓடும், சத்தம் வைக்க மாட்டார். இரண்டு மணி நேரத்தில் பத்து வார்த்தை பேசினால் அதிகம். வாரம் முழுக்கக் கடையில் தொண்டை கிழியக் கத்துகிறவனுக்கு அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. கடையில் எனக்குப் பழக்கமானவர்கள் இருக்கிறார்கள், சிநேகிதன் என்று ஒருத்தனும் இல்லை. இவர் ஒருத்தர்தான். இதையெல்லாம் ஆம்பளைகள் உட்கார்ந்து பேசிக்கொள்வார்களா என்ன!

அவருக்கு ஒரே மகள். முப்பத்தொரு வயது, மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஆனாலும் எங்களுக்கு இன்னும் பாப்பாதான். இங்கிருந்து ஐந்து மணி நேரப் பயணம். அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் ஒன்பது மாதம் தண்ணீரில் இருப்பான். "கீழ் ரூம் சும்மாதான் இருக்கு, வந்துடுங்கப்பா" என்று அம்மா போன மறு மாதத்திலிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவர் "பார்க்கலாம்மா" என்பார். அந்தப் பார்க்கலாம் பத்து மாதம் ஓடியது. பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருத்தங்க அந்த ரூமை வாடகைக்குக் கேக்கறாங்க. ஒண்ணாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லியிருக்கேன். அதுக்கு மேல அவங்களுக்குத்தான். வர்றேன்னா வரட்டும், இல்லைன்னா இல்லைன்னு சொல்லட்டும். நான் எத்தனை தடவ கெஞ்சறது? அம்மாதான் இல்லை, அப்பாவுமா இல்லை?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்து போனை வைத்துவிட்டாள்.

விஷயம் தெரிந்து என் மனைவி ஒரே குதியாகக் குதித்தாள். "அதெப்படிங்க? அக்கா வீட்டைப் பூட்டிட்டுப் போயிடுவாரா? அப்போ நான் எங்க போய் என் அக்காவப் பார்ப்பேன்?" என்றாள். அவர் அவளுக்கு அத்தான் மட்டும்தான், போகிறதும் இருக்கிறதும் அவர் இஷ்டம் என்று நான் பெரிய மனுஷன் மாதிரி பேசினேன். உள்ளுக்குள் எனக்கும் அவர் போவதில் துளிக்கூட இஷ்டம் இல்லை.

இந்த நேரம் பார்த்து அவர் வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் ஐட்லிங்கில் ஓடாமல் இன்ஜின் அணைந்தது, மூன்று இடத்தில் ஆஃப் ஆகி, ஆட்கள் தள்ளிவிட்டுத்தான் கடை வரை வந்து சேர்ந்தார். பானட்டைத் தூக்கி, கார்புரேட்டரின் குறுக்கே போகிற கம்பியை விரலால் ஆட்டிப் பார்த்தேன். பல் ஆடுவது போல ஆடியது. தேய்ந்த இடம் வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. இனி எதைச் செய்தும் பிரயோஜனம் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

மூன்றை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். ஒன்று இதே மாடலில் பழையதைப் பிரித்துப் புதுப்பித்தது. பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஆறு மாதம் உழைத்தால் பெரிய விஷயம். இன்னொன்று அகல வாய்க்காரன். "இதுக்கு நீங்க ஒரு பல்செட் கட்டலாம் அண்ணே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. லென்ஸை எடுத்து மூன்றாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு இரண்டு வாய். சின்ன வாய்தான் எப்போதும் வேலை செய்யும், காலை நன்றாக அழுத்தினால்தான் பெரிய வாய் திறக்கும். டவுனுக்குள் ஓட்டப் பெட்ரோல் மிச்சம், ஓவர்டேக் எடுக்க இழுவையும் உண்டு.

"இதுதான் உங்க வண்டிக்கு. கண்ண மூடிட்டுப் போடலாம்" என்றேன்.

"சரி" என்றார்.

பழக்கதோஷம், கேட்டுவிட்டேன். "வண்டி எங்க அண்ணே ஓடப்போகுது?"

அவர் லென்ஸை மடக்கிப் பையில் போட்டார். "மலையில" என்றார். "சனிக்கிழமை கெளம்பறேன். அங்கயே இருந்துடலாம்னு இருக்கேன். பாப்பாகிட்ட சொல்லிட்டேன்."

நான் உடனே தொழிலைப் பேச ஆரம்பித்தேன். மேலே போகப் போகக் காற்று இளைத்துவிடும், காற்று குறைந்தால் அதற்குத் தகுந்தபடி பெட்ரோலையும் குறைக்க வேண்டும், பெட்ரோல் வருகிற ஓட்டைக்குப் பெயர்தான் ஜெட் என்று அவருக்கு விளக்கினேன். "இங்க தரையில ஓட நூத்திமுப்பது நம்பர் ஜெட் அண்ணே. மலையில அதையே போட்டா பெட்ரோல் ஓவராப் போயி, கறுப்பாப் புகை தள்ளி, பிளக் நனைஞ்சு நின்னுடும். அங்க நூத்திருபதுதான் சரி."

"அப்போ நூத்திருபது போட்டுடு" என்றார்.

பின்கட்டில் வேலை மேசைக்கு எடுத்துப்போனேன். இரண்டு ஜெட்டும் என் உள்ளங்கையில் இருந்தன. பித்தளை, சட்டைப் பித்தான் அளவுகூட இருக்காது. என்னையறியாமல் செய்துவிட்டேன் என்று கதை விட மாட்டேன். அறிந்துதான் செய்தேன். பாதி மலையில் வண்டி மூச்சு வாங்கும், திரும்பி வருவார், வந்ததும் வேறு ஏதாவது சாக்குச் சொல்லி நாலு நாள் இழுத்தால் ஒண்ணாம் தேதி தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டேன். என் மனைவிக்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். என் ஞாயிற்றுக்கிழமைக்காகச் செய்தேன். நூற்றுமுப்பதை மாட்டி முறுக்கினேன்.

"மலைக்கு செட் பண்ணிட்டேன் அண்ணே" என்றேன்.

"உன் கை பட்டா சரியா இருக்கும் சகல" என்றார்.

என் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கார்புரேட்டரோடு வருகிற ஜெட்டுகளில் மாட்டாமல் மிஞ்சியதை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, வண்டியின் டேஷ்போர்டில் வைத்துவிடுவேன். வாடிக்கையாளர் பொருள் வாடிக்கையாளரிடம் இருக்க வேண்டும். இருபத்தொன்பது வருடத்தில் ஒரு வண்டிக்குக்கூடத் தவறியதில்லை. அன்றும் வைத்தேன். யோசித்து வைக்கவில்லை, கை தானாகச் செய்தது. என்ன செய்துவிட்டேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினார். இரண்டு பெட்டி, ஒரு படுக்கை, லேப் கருவிகள் அடங்கிய ஒரு மரப்பெட்டி. வீட்டுச் சாவியை என் மனைவி கையில் கொடுத்தார். அவள் தேம்பித் தேம்பி அழுதாள். நான் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது போல நின்றுகொண்டிருந்தேன்.

சாயங்காலம் நாலரை மணிக்கு வண்டி திரும்பி வந்தது. பின்பக்கம் பம்பரெல்லாம் கரி. இறங்கினார், பெட்டிகளை இறக்கினார். என் மனைவி ஓடிப்போய்க் கேட்டாள், "என்னாச்சு அத்தான்?"

"வண்டி ஏறலை" என்றார்.

சாவியை வாங்கிக் கதவைத் திறந்து உள்ளே போனார். இவள் டீ போட ஓடினாள். முகத்தில் சந்தோஷத்தை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. குற்ற உணர்ச்சியாவது வர வேண்டுமே, அதுவும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது. கடித்துப் பார்த்தாலும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் போனேன். டீ போட்டுக் கொடுத்தார். டிவியில் யாரோ சத்தமில்லாமல் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் எதற்காக அவரைத் தடுத்தேனோ அது கிடைத்துவிட்டது. எதிரில் உட்கார்ந்திருந்த அவரை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அரை மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டேன். திங்கட்கிழமை அவர் லேபுக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது என் மனைவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாப்பா பேசினா" என்றாள். "வண்டி ஏறலைன்னா பஸ்ஸே இல்லையா சித்தின்னு கேக்கறா. அப்பா உக்காந்து வேலை செய்ய மேசை, விளக்கு எல்லாம் வாங்கிப் போட்டுட்டு, சனிக்கிழமை நாள் பூராவும் வாசல்லயே நின்னாளாம். என்னைப் பார்க்கப் பிடிக்கலைன்னா வாயால சொல்ல வேண்டியதுதானே, எதுக்கு வண்டி மேல பழியப் போடணும்னு அழறா. இனிமே அவர்கிட்ட பேச மாட்டாளாம். நான் பாவிங்க. வந்துட்டாரேன்னு சந்தோஷப்பட்டேனே!"

அவள் பாவி என்றால் நான் யார்? அப்போதும் வாயைத் திறக்க மனசு வரவில்லை. இரண்டு நாள் ஓட்டினேன். முப்பதாம் தேதி மத்தியானம், முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடை மாடிப்படி ஏறினேன்.

அவர் லேப் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் யாருடையதோ கீழ்த்தாடையை வைத்து ராவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அந்த வண்டியில நான் மலை ஜெட் போடலை. தரை ஜெட்டுதான் போட்டேன். வேணும்னேதான் போட்டேன்."

அவர் தூசியை ஊதிவிட்டு, தாடையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "தெரியும்" என்றார்.

"தெரியுமா! எப்படி?"

"பன்னெண்டாவது வளைவுல இருமிட்டு நின்னுடுச்சு. பின்னால ஒரே கறுப்புப் புகை. கை தொடைக்கத் துணி எடுக்கலாம்னு டேஷ்போர்டத் தொறந்தேன். உன் பொட்டலம் இருந்துச்சு. லென்ஸ வெச்சு நம்பரப் பார்த்தேன். நூத்திருபது."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! தப்புச் செய்தவன் நான், கத்தினவனும் நான். "அட என்ன அண்ணே நீங்க! கையில ஜெட் இருக்கு, வண்டியில ஸ்க்ரூடிரைவர் இருக்கு. நூல் இடைவெளியில வேலை பார்க்கிற ஆளு நீங்க. அரை மணி நேரத்துல மாத்திட்டு ஏறியிருக்கலாமே!"

"ஏறியிருக்கலாம்."

"அப்புறம் ஏன் திரும்பி வந்தீங்க?"

அவர் அரத்தைக் கீழே வைத்தார். "நீ தப்பா மாட்டற ஆளில்லை சகல. நீ என்னை இருக்கச் சொல்றதா நெனச்சேன். அங்க கல்லு மேல உக்காந்து அதைத்தான் நெனச்சுட்டு இருந்தேன். இருக்கச் சொல்லி யாரும் எங்கிட்ட சொல்லலை. பாப்பா மட்டும் வரச் சொல்லிட்டே இருந்துச்சு, அதான் கெளம்பினேன். நீ வாயால சொல்லியிருந்தாலே இருந்திருப்பேன்."

பதினோரு மாதத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"உங்களை விட்டா எனக்கு யாரும் இல்ல அண்ணே" என்றேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை டீயை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அப்போது சொல்லியிருக்க வேண்டியது. "ஆனா பாப்பா அழறா. நாளைக்கே கெளம்புங்க. இப்பவே ஜெட்டை மாத்தித் தர்றேன்."

அவர் மறுபடி தாடையைக் கையில் எடுத்தார். "அது என் போனை எடுக்க மாட்டேங்குது. வேணாம்னு சொல்ற வீட்டுல போய் நிக்க முடியாது. கூப்பிட்டாப் போறேன்."

"நான் பேசறேன். கூப்பிட வைக்கிறேன்" என்று வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பின்னால் சந்தில் வண்டி நின்றது. பானட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, நூற்றுமுப்பதை எடுத்துவிட்டு நூற்றிருபதை மாட்டினேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே நின்று பாப்பாவுக்குப் போன் போட்டேன். மனசு லேசாகத்தான் இருந்தது. எல்லாம் சித்தப்பா செய்த வேலை என்று தெரிந்தால் கோபம் முழுக்க என் மேல் திரும்பிவிடும், அப்பா மேல் ஒன்றும் இருக்காது, உடனே கூப்பிட்டுவிடுவாள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"சொல்லுங்க சித்தப்பா" என்றாள். குரலில் உயிரே இல்லை.

நான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கடைக்கு வந்தது, அவர் மலை என்று சொன்னது, நான் பொய் சொல்லி மாட்டியது, பன்னிரண்டாவது வளைவில் வண்டி நின்றது, எல்லாம். முடித்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ நெஜமாவே வண்டி ஏறலையா?"

"சத்தியமா ஏறலைம்மா. அப்பா பொய் சொல்லலை. என்னை என்ன வேணா திட்டு."

அவள் மூச்சு விடுவது கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். "லூசா சித்தப்பா நீங்க? நான் நாலு நாளா என்னென்ன நெனச்சேன் தெரியுமா? என்னைப் பார்க்கவே புடிக்கலை, வர்ற வழியில மனசு மாறித் திரும்பிட்டாருன்னு… ஐயோ, அப்பாவ வேற போன்ல கண்டபடி பேசிட்டேன். நர்ஸம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். அப்பா எங்க, பக்கத்துல இருக்காரா?"

"மேல லேப்ல இருக்காரு. இந்தா, ஜெட்டும் மாத்திட்டேன். இருபது நிமிஷம்கூட ஆகலை. அங்கயே அப்பா கையிலதான் இருந்துச்சு, அவர் அப்பவே மாத்தியிருந்தா இவ்வளவு ரகளையே…"

அங்கேதான் என் நாக்கு நின்றது.

"அப்பா கையில என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள்.

நான் பானட்டை இறக்கி மூடினேன்.

"சித்தப்பா, அந்த ஜெட்டு அப்பா கையில இருந்துச்சா? அவருக்கு அங்கயே தெரியுமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கார்புரேட்டரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? என்ன சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாள். ஏற்கெனவே ஒரு பொய்யில் இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னொன்று வரவில்லை.

"தெரியும்மா" என்றேன்.

"தெரிஞ்சுமா திரும்பிட்டாரு?"

"ஆமா, ஆனா அது என்னன்னா பாப்பா…"

"பன்னெண்டாவது வளைவுலேருந்து எங்க வீட்டுக்கு அரை மணி நேரம் சித்தப்பா" என்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிற குரல். பிறகு, "நர்ஸம்மா நாளைக்குக் காலையில வர்றாங்க. சாவியக் குடுத்துடறேன். உங்க மேல எனக்குக் கோபம் இல்லை சித்தப்பா" என்றாள். போன் நின்றுவிட்டது.

திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன்.

மேலே ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். சகலை பாதி உடம்பை வெளியே நீட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டைக் கழற்றிவிட்டு, வெளியே போகிற சட்டையைப் போட்டிருந்தார்.

"என்னவாம் சகல, கூப்பிட்டுச்சா?" என்று கேட்டார்.